கட்டைவிரல்

துறையூர் வீட்டுக் கூடத்தில் எங்கள் அப்பாயியின் படம் மாட்டியிருக்கும். மரச்சட்டம், சந்தன மாலை, கீழே எந்நேரமும் எரியும் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. படத்தில் அப்பாயியின் இடது தோளில் மட்டும் புகை படிந்த மாதிரி ஒரு திட்டு இருக்கும். சின்ன வயதில் அது இட்லிப் பானையின் ஆவி என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். அப்பாயி எப்போதும் அடுப்படியில்தான் கிடந்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். போட்டோ எடுக்க வரும்போது ஆவியும் கூடவே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்பது வருஷம் கழித்து, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தத் திட்டு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. காரணம் டோரத்தியா லாங் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர்.

அவர் எடுத்த ‘மைக்ரன்ட் மதர்’ படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. கன்னத்தில் கைவைத்து எங்கேயோ பார்க்கிற தாய், அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முதுகைக் காட்டும் இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. அரசாங்க வேலையாக எடுத்த படம் என்பதால் காப்புரிமை கிடையாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் பெரிய கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். இறக்கி, வலது கீழ் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடாரக் கம்பு ஒன்று தெரியும். அதன் மேல் மங்கலாக, தண்ணீரில் முங்கிய நாணயம் மாதிரி, ஒரு கட்டைவிரலின் சாயல். கம்பைப் பிடித்திருந்த அந்தத் தாயின் கட்டைவிரல். அது சட்டகத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டு கண்ணை இழுக்கிறது என்று 1930களின் கடைசியில் லாங் நெகட்டிவிலேயே அதை அழிக்க ஏற்பாடு செய்தார். அவரை வேலைக்கு வைத்திருந்த ராய் ஸ்ட்ரைக்கருக்கு இது பிடிக்கவில்லை. ஆவணம் என்று சொல்லி எடுத்த படத்தில் டச்சப் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பது அவர் கட்சி.

நான் இதில் லாங்கின் பக்கம்தான். ஐம்பது எம்எம் லென்ஸை மாட்டிக்கொண்டு சனி ஞாயிறுகளில் அலைகிற எவனுக்கும் அந்த ஓரத்து விரலின் உறுத்தல் புரியும். ஆனால் அழித்தது முழுசாக அழியவில்லை, பாருங்கள். அந்த மங்கலைப் பார்த்த நொடியில்தான் அப்பாயியின் தோள் ஞாபகம் வந்தது. ஆவி இல்லை, அதுவும் ஒரு கையாக இருக்குமோ?

அத்தைக்குப் போன் போடலாம் என்று நினைத்தேன். ஊரில் அப்போது காலை நேரம், பூஜையில் இருப்பார். சரி என்று லாங்கையே தொடர்ந்து படித்தேன். ஒரு வாரம் அப்படியே போனது.

இந்தப் பக்கம் வருவதற்கு முன் நான் நியூ ஜெர்சியில் மூன்று வருஷம் இருந்தேன். தினமும் ஹோபோகன் ஸ்டேஷனில் ரயில் மாறி நியூயார்க் போக வேண்டும். அந்த ஹோபோகனில்தான் 1895-இல் லாங் பிறந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பி, கடைசிவரை கொஞ்சம் நொண்டித்தான் நடந்தார். பன்னிரண்டு வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனார். அப்பாவின் குடும்பப் பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டு அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயரை வைத்துக்கொண்டவர் இவர். மன்ஹாட்டனில் நூலக வேலைக்குப் போன அம்மாவோடு போய்வந்து, ஏழை பாழைகள் நடமாடும் தெருக்களில் யார் கண்ணிலும் படாமல் நடக்கப் பழகிக்கொண்டார். 1918-இல் ஊர் சுற்றக் கிளம்பி சான் ஃபிரான்சிஸ்கோ வந்து, கையிலிருந்த காசைப் பறிகொடுத்து, இங்கேயே தங்கி, பணக்காரக் குடும்பங்களுக்குப் படம் எடுக்கும் ஸ்டூடியோ வைத்தார். 1930களில் பொருளாதாரம் படுத்து, ஜன்னலுக்குக் கீழே வேலையில்லாதவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது.

1936 மார்ச். ஒரு மாதப் பயணம் முடிந்து, மழையில், வீட்டுக்குக் காரோட்டி வந்துகொண்டிருக்கிறார். நிபோமோ என்ற ஊர்ப்பக்கம் ‘பட்டாணி பறிப்போர் முகாம்’ என்று ஒரு போர்டு. தாண்டிப் போய்விட்டார். போதும், எடுத்தவரைக்கும் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு 20 மைல் போனவர் வண்டியைத் திருப்பினார். படம் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படித் தாண்டிப்போன போர்டுகள் இருக்கும். என்னுடையதில் பெரும்பாலானவற்றுக்கு நான் திரும்பவில்லை. பத்து நிமிஷம் அங்கே இருந்தார். ஆறேழு படம். அந்தப் பெண்ணின் வயது 32 என்று குறித்துக்கொண்டார். பெயரைக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை 1960-இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார்.

பட்டாணிப் பயிர் குளிரில் கருகி, பறிக்க வந்த கூலிக்காரர்கள் வேலையில்லாமல் அந்த முகாமில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். லாங் எடுத்தவற்றில் சில படங்கள் சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்து, அரசாங்கம் முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. உணவு வந்து சேர்ந்தபோது படத்திலிருந்த குடும்பம் அங்கே இல்லை. வண்டி ரிப்பேர் ஆனதால் ஒதுங்கியவர்கள், சரியானதும் கிளம்பிவிட்டார்கள்.

பெயர் தெரிய 42 வருஷம் ஆயிற்று. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். ஓக்லஹோமாவில் பிறந்த செரோக்கி பூர்வகுடிப் பெண். அதுவரை உலகமே அவரை வெள்ளைக்கார ஏழைத் தாயின் முகமாக நினைத்துக்கொண்டிருந்தது. 1978-இல் மொடெஸ்டோ பத்திரிகைக்காரர் ஒருவர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவர் பேசியதில் பெருமிதம் எதுவும் இல்லை. அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம், எனக்கு ஒரு காசு வந்ததில்லை, லாங் என் பெயரைக் கேட்கவில்லை, படத்தை விற்க மாட்டேன் என்றார், ஒரு பிரதி அனுப்புகிறேன் என்றார், அனுப்பவில்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம். சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதியிருந்ததையும் ஃப்ளாரன்ஸின் மகன் மறுத்தார். விற்பதற்கு எங்களிடம் வேறு டயர் ஏது, ஓட்டிவந்த டயர்தானே இருந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. பல முகாம், பல குடும்பம் என்று அலைந்ததில் லாங் யாருடைய கதையையோ இவர் தலையில் கட்டிவிட்டார் போலிருக்கிறது. லாங்குக்கும் அந்தப் படத்தால் தனியாகப் பணம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளத்துக்கு எடுத்த படம். அவருக்கு வந்தது புகழ். அதுவே பெரிய சொத்துதான், இல்லையா?

1983-இல் ஃப்ளாரன்ஸ் படுக்கையில் விழுந்தபோது பிள்ளைகள் உதவி கேட்டார்கள். நாடு முழுவதும் இருந்து 35,000 டாலர் போல வந்தது. கூடவே வந்த கடிதங்களைப் படித்த பிறகுதான் அந்தப் படத்தின் மேல் இருந்த கசப்பு பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைந்ததாம். அதே வருஷம் அவர் இறந்தார்.

இதைப் படித்துவிட்டு என் போனைத் திறந்தேன். மூன்று வருஷம் முன்னால் வாட்சன்வில் பக்கம் ஸ்ட்ராபெர்ரி தோட்டம் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தேன். விடிகாலை மூட்டம். தலையைச் சுற்றித் துணி கட்டிய ஒரு அம்மா, குனிந்த வாக்கில், கையில் அட்டைப்பெட்டியோடு என்னைப் பார்க்கிறார். கோபமாகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இன்ஸ்டாகிராமில் ‘வியர்வையின் நிறம் சிவப்பு’ என்று ஒரு வரி எழுதிப் போட்டேன். நானூறு லைக். என் எழுத்தாற்றலை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்குத் தூங்கப் போனேன். மறுநாள் ஆபீசில் கூட வேலை செய்யும் மெக்சிகோக்காரர் ஒருவர், “நல்ல படம். இவர் யார்?” என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் குத்தலாகக் கேட்கவில்லை. அவருடைய அம்மாவும் சலினாஸ் பக்கம் கீரை பறித்தவராம். சாயங்காலம் படத்தை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதும் சரியா என்று தெரியாது, போனில் இன்னும் இருக்கிறது.

பெயர் கேட்காமல் படம் எடுப்பது நமக்கு ஒன்றும் புதுசில்லை. நாம்தான் அந்தப் பக்கம் நின்றவர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அலமீடாவில் பழைய கடற்படைத் தளத்து ஓடுபாதையில் பழம்பொருள் சந்தை ஒன்று கூடும். செருப்பு தேய நடந்தாலும் தீராது. அங்கே ஒரு கிழவரின் கடையில் தபால் அட்டைகள் அடுக்கிய செருப்புப் பெட்டி. ‘ஆசியா’ என்று எழுதிச் செருகியிருந்த அட்டைக்குப் பின்னால் துழாவினால், தேயிலைக் கூடை சுமந்த ஒரு பெண். மூக்குத்தி, தண்டட்டி, முழங்கை வரை வளையல். கீழே ஆங்கிலத்தில் ‘டமில் கேர்ள், சிலோன்’ என்று அச்சிட்டிருந்தது. ஆறு டாலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பு ஸ்டூடியோக்கள் இப்படி ஏகப்பட்ட அட்டைகளைக் கப்பலில் வருகிறவர்களுக்கு விற்றன. யானை ஒன்று, தென்னந்தோப்பு ஒன்று, தமிழச்சி ஒன்று. வாங்கிவிட்டேன். அந்தப் பெட்டியில் விட்டுவர மனசு வரவில்லை.

இதைவிட மோசமானதும் உண்டு. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டன் பூட்டன் சொல்வார்களே, 1876 முதல் 78 வரை, தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு துண்டு அந்தப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியதுதான். அந்தப் பஞ்சத்தைப் படம் பிடித்தவர் மதராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர். எலும்பு எண்ணிவிடலாம் போன்ற மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து, குடும்பம் குடும்பமாக, கல்யாண குரூப் போட்டோ மாதிரி எடுத்திருப்பார். அந்தக் காலக் கேமராவுக்கு ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அசையத் தெம்பில்லாதவர்கள்! அந்தப் படங்களில் நான் கடைசிவரை பார்த்து முடித்தது மூன்றுதான். 1886-இல் மாண்டலேயில் மரண தண்டனை நிறைவேறும் நொடியைப் படமெடுக்கப் போய் அதே ஹூப்பர் விசாரணைக்கு ஆளானார். பஞ்சப் படங்களுக்காக அப்படி ஒரு விசாரணை நடக்கவில்லை.

லாங்கை ஹூப்பரோடு சேர்த்துப் பேசுவது அநியாயம், தெரிகிறது. லாங் மற்ற நாட்களில் பெயரோ ஊரோ கேட்டு, ஜனங்கள் பேசிய பேச்சை அப்படியே நோட்டில் எழுதிவைப்பவர். காருக்கு ஓடி, சொன்ன வாக்கியம் மறப்பதற்குள் எழுதுவாராம். 1939-இல் கணவர் பால் டெய்லரோடு போட்ட புத்தகத்தில் படத்துக்கு இணையாக அந்தப் பேச்சுதான் நிற்கிறது. எனக்கு அவர் படங்களைவிட அந்தக் குறிப்புகள் பிடிக்கும் என்றுகூடச் சொல்வேன். அவர் இறந்தபின் டெய்லர் கொடுத்த 25,000-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் ஓக்லண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அத்தனை ஆயிரத்தில் உலகம் எடுத்துக்கொண்டது பெயர் கேட்காமல் விட்ட அந்த ஒன்றை!

சட்டகத்துக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றித் தமிழில் எழுதியவர் என்றால் எனக்கு அசோகமித்திரன்தான். ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். சினிமாவைப் பற்றி நாவல் எழுத உட்கார்ந்தவர், நட்சத்திரத்தை விட்டுவிட்டு, விடியலில் வேன் ஏற்றி ஆள் சேர்க்கும் புரொடக்‌ஷன் ஆட்களையும் துணை நடிகைகளையும் ‘கரைந்த நிழல்கள்’ ஆக்கினார். அவர் 1973-இல் இதே அமெரிக்காவுக்கு, அயோவாவுக்கு வந்து சில மாதம் தங்கிப்போய் எழுதிய ‘ஒற்றன்’ நாவலிலும் கட்டடங்களும் காட்சிகளும் இரண்டாம்பட்சம், மனிதர்கள்தான் முக்கியம். கட்டைவிரலை அழிக்கத் தெரியாத எழுத்து. நான் இங்கே வந்த புதிதில் நயாகராவைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியவன். அதில் ஒரு ஆள்கூட இல்லை.

போன மாதம் சான் ப்ரூனோவில், டேன்ஃபரான் மாலில் இருக்கும் தியேட்டரில் பையனோடு ஒரு படம் பார்த்தேன். படம் சுமார். அந்த மால் இருக்கும் இடம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தய மைதானம். 1942-இல், ஜப்பானோடு போர் நடந்தபோது, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்கள் ஏறக்குறைய 8,000 பேரை அங்கே அடைத்தார்கள். குதிரை லாயங்களிலும் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். பக்கத்து பார்ட் ரயில் நிலையத்துக்கு வெளியே 2022-இல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். கோட்டு போட்ட இரண்டு சின்னப் பெண்கள், கோட்டில் அடையாளச் சீட்டு. லாங் எடுத்த படத்திலிருந்து வார்த்தது. 1942 மே 8 அன்று ஹேவர்டில் முகாமுக்குப் போகும் பஸ்ஸுக்குக் காத்திருந்த மொச்சிடா குடும்பத்துப் பிள்ளைகள். ஹேவர்ட் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். தோசை மாவு வாங்கப் போகிற ஊர்.

இங்கே லாங் பெயர் எழுதியிருக்கிறார். பெயர் மட்டுமில்லை. இரண்டு ஏக்கர் நிலத்தில் நாற்றுப்பண்ணை, ஐந்து கண்ணாடிக் கூடாரம், என்னென்ன பூ வளர்த்தார்கள் என்பது வரை. நிபோமோவில் விட்டதை ஆறு வருஷம் கழித்து ஹேவர்டில் பிடித்துக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ராணுவத்துக்கு அந்தப் படங்கள் ரசிக்கவில்லை. போர் முடியும்வரை முடக்கி வைத்தார்கள். பிற்பாடு பால் கிட்டகாகி என்ற பத்திரிகைப் படக்காரருக்கு, தன் தாத்தா பாட்டியையே லாங் ஓக்லண்டில் படம் எடுத்திருக்கிறார் என்று தெரியவந்தது. பல வருஷம் கழித்து அந்தப் படங்களில் இருப்பவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேசி, மறுபடி படம் எடுத்தார். அவர் எடுத்தவையும் லாங் எடுத்தவையும் அந்த ஸ்டேஷனுக்குள் சுவரில் இருக்கின்றன. பையன் பாப்கார்ன் பாக்கியைத் தின்றுகொண்டே சிலையின் கோட்டிலிருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தான். “இது என்னப்பா, ஏர்போர்ட் டேகா?” என்றான். ஸ்டேஷன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவனைக் குறை சொல்ல முடியாது.

அன்று ராத்திரிதான் அத்தைக்கு வீடியோ கால் போட்டேன்.

“அப்பாயி படம் இருக்குல்ல அத்தை, தோள்ல ஒரு திட்டு...”

“திட்டா? அது என் கைடா.”

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். 1971-இல் அத்தை கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ அது. அப்பாயி தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. மணப்பெண் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததும் அழ ஆரம்பித்துவிட்டாராம். “அழாதம்மான்னு தோள்ல கைய வெச்சேன். அந்த நேரத்துக்குப் படக்குனு எடுத்துட்டான்.” 1984-இல் அப்பாயி போனபிறகு, மாலை போடப் படம் வேண்டுமே. அப்பா அந்த குரூப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். அப்பாயியை மட்டும் காப்பி எடுத்து, என்லார்ஜ் செய்து, பின்னணியைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். தோளில் வளையலும் மருதாணியுமாக ஒரு கை. காரியத்துக்கு வைக்கிற படத்தில் அது நன்றாகவா இருக்கும்? அழித்தாயிற்று.

“உங்களுக்கு வருத்தமா இல்லையா அத்தை?”

“பதினாறாம் நாளு படத்தக் கொண்டாந்து வெச்சாங்க. எல்லாரும் அம்மா மொகத்தப் பாத்து அழுவுறாங்க. நான் தோளத்தான் பாத்தேன். உங்கப்பன்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவன் பாவம், அலைஞ்சு திரிஞ்சு செஞ்சிருக்கான்.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஸ்டூடியோக்காரரு அழிச்சதும் சரியா அழிக்கல பாரு. பிசுபிசுன்னு தெரியுது. அதுவும் நல்லதுக்குத்தான்” என்றார்.

குரூப் போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். பீரோவில், பத்திரக் கட்டோடு இருக்கிறதாம். ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன். கடைக்குக் கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், ஒருதரம் கொடுத்துப் பட்டது போதாதா, நானே அனுப்புகிறேன் என்றார்.

மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் வந்தது. ட்யூப் லைட் வெளிச்சம் கண்ணாடித் தாளில் பட்டு மாப்பிள்ளை முகம் வெள்ளையாகப் போயிருந்தது. ஒரு பக்கம் கோணல். நடுவில் அப்பாயி, நாற்காலியின் நுனியில், அழுது முடிக்காத முகம். தோளில் நாலு விரல், கண்ணாடி வளையல். வலது ஓரத்தில் போட்டோவைப் பிடித்துக்கொண்டிருக்கும் அத்தையின் இப்போதைய கட்டைவிரல். காய் நறுக்கி நறுக்கிக் கீறல் விழுந்த நகம், ஏதோ ஒரு சித்தப்பாவின் பாதி உடம்பை மறைத்துக்கொண்டு.

கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். “தெரியுதாடா?”

தெரியுது அத்தை என்று பதில் போட்டேன்.